வெள்ளிமலை கண் முகாம்: தேன்மொழி கேட்டதும் நான் கேட்காததும்

கல்வராயன் மலைக்கு அருவி பார்க்கப் போனவர்கள் எழுதிய பதிவுகள் நிறைய இருக்கின்றன. இது ஐந்து நாள் அங்கே இருந்தும் ஒரு அருவியைக்கூடப் பார்க்காமல் திரும்பியவளின் பதிவு. பொங்கல் கழிந்த அடுத்த வெள்ளிக்கிழமை கிளம்பி, செவ்வாய்க்கிழமை திரும்பினேன். மலைக்கிராமங்களில் கண் முகாமுக்கு உதவப் போக நினைப்பவர்களுக்கு இது பயன்படலாம்.

நான் ஆப்டோமெட்ரிஸ்ட். கண்ணைப் பரிசோதித்துக் கண்ணாடி எழுதித் தருபவள், டாக்டர் இல்லை. சென்னையில் ஒரு பெரிய கண் மருத்துவமனையில் பன்னிரண்டு வருடமாக வேலை. தேன்மொழி என்னோடு படித்தவள், சங்கராபுரம் பக்கத்துப் பெண். கள்ளக்குறிச்சியில் ஒரு சிறிய அறக்கட்டளை மருத்துவமனையில் இருக்கிறாள். அவளோடு முகாமுக்கு வரும் பெண் பிரசவ விடுப்பில் போய்விட்டதால், "மூணு நாள் வந்து கை குடுடி" என்று கூப்பிட்டாள். உடனே சரி என்றேன்.

சேவை மனப்பான்மை என்று வீட்டில் சொன்னேன். உண்மை வேறு. இரண்டு மாதத்துக்கு முன் எங்கள் கல்லூரிப் பேராசிரியை வகுப்புத் தோழிகள் குழுவில் ஒரு வீடியோ போட்டிருந்தார். தேன்மொழி ஒரு நோயாளியிடம் நோய் வரலாறு கேட்கும் வீடியோ. 'கேஸ் ஹிஸ்டரி இப்படித்தான் எடுக்க வேண்டும், மாணவர்களுக்குக் காட்டப்போகிறேன்' என்று கீழே எழுதியிருந்தார். அந்தப் பாடத்தில் வகுப்பில் முதல் மதிப்பெண் நான். தேன்மொழி இரண்டாம் முறை எழுதித்தான் தேறினாள். அந்த வீடியோவை எத்தனை தடவை பார்த்தேன் என்று சொன்னால் உங்களுக்கு என்மேல் மரியாதை போய்விடும். அவளிடம் அப்படி என்ன இருக்கிறது என்று நேரில் பார்க்கத்தான் போனேன்.

கிளாம்பாக்கத்தில் காலை 5.40க்குப் பஸ். கட்டணம் 265 ரூபாய். உளுந்தூர்பேட்டைக்கு முன்னால் ஒரு ஓட்டலில் இருபது நிமிடம் நிறுத்தினார்கள். அங்கே இட்லி சாப்பிடாதீர்கள், டீ பரவாயில்லை. கள்ளக்குறிச்சி போய்ச் சேர 10.50. மருத்துவமனை வேன் பஸ் நிலையத்துக்கே வந்திருந்தது. அங்கிருந்து கச்சிராயபாளையம், கோமுகி அணை வழியாக மலைப்பாதை. வெள்ளிமலை வரை வேன் மீட்டரில் 39 கிலோமீட்டர். ஒன்றேகால் மணி நேரம் ஆனது. கொண்டை ஊசி வளைவுகளில் வயிறு புரளும் என்பவர்கள் முன் சீட்டைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். நான் முன் சீட்டில்தான் இருந்தேன். அதில் ஒரு கஷ்டம், டிரைவர் பேசுவார்.

"நீங்க தேனக்கா கூட படிச்சவங்களா?" என்றார்.

"ஆமா."

"அப்போ உங்களுக்கும் அவங்க மாரியே பேச வரும்னு சொல்லுங்க. போன மாசம் ஒரு பெரியம்மா மூணு வருசமா ஆபரேசனுக்கு வரமாட்டேன்னு இருந்துச்சு. அக்கா போயி அரை மணி நேரம் குந்தினு இருந்தாங்க. அது தானா வந்து வண்டில ஏறிக்கிச்சு."

"அரை மணி நேரமா? எங்க ஆஸ்பத்திரில அரை மணிக்கு ஆறு பேரைப் பாத்துடுவோம்" என்றேன். அவர் அதைப் பாராட்டாகவே எடுத்துக்கொண்டு, "பரவால்லிங்களே" என்றார். அதன்பின் அணையில் தண்ணீர் எவ்வளவு என்பதைப் பற்றிப் பேசினோம்.

முகாம் சனிக்கிழமை, வெள்ளிமலைக்கு அப்பால் ஒரு பள்ளிக்கூடத்தில். ஊர்ப் பெயரைச் சொல்லப்போவதில்லை. அங்கே மனிதர்கள் எங்களை நம்பிச் சொன்ன விஷயங்கள் இந்தப் பதிவில் வருகின்றன. நோயாளியின் பெயரையும் மாற்றியிருக்கிறேன். காலை எட்டு மணிக்கே கூட்டம் வந்துவிட்டது. குளிரில் தலையில் துண்டு கட்டியபடி வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். வகுப்பறையில் இரண்டு மேசை. ஒன்று எனக்கு, ஒன்று தேன்மொழிக்கு.

என் முறை எளிது. எத்தனை நாளாக மங்கல், எந்தக் கண், சர்க்கரை உண்டா, பிரஷர் உண்டா, அடி பட்டதுண்டா, வேறு மருந்து சாப்பிடுகிறீர்களா. டார்ச் அடித்துப் பார்ப்பேன், எழுதுவேன், அடுத்தவர். ஒருவருக்கு நான்கு நிமிடம். தேன்மொழி மேசையைச் சுவரோரம் தள்ளிவிட்டு, நாற்காலியை நோயாளியின் பக்கத்தில் போட்டுக்கொண்டாள். ஒருவருக்குப் பத்து நிமிடத்துக்கு மேல் ஆனது. காலையில் இதைப் பார்த்து எனக்கு நிம்மதியாகக்கூட இருந்தது. வேகம் என்றால் என்ன என்று இவர்களுக்கு இன்று தெரியும் என்று நினைத்தேன்.

பத்தரை மணிக்குப் பார்த்தால், என் வரிசையில் இருந்த மூன்று பெண்கள் எழுந்து அவள் வரிசையின் கடைசியில் போய் உட்கார்ந்தார்கள். என் மேசை காலியாக இருந்தது, அவர்கள் அங்கே காத்திருந்தார்கள்.

"இங்க வாங்கம்மா, உடனே பாத்துடலாம்" என்று கூப்பிட்டேன்.

"இருக்கட்டும்மா. நாங்க தேனுகிட்டயே காட்டிக்கிறோம்" என்றாள் ஒருத்தி. முகத்தில் அறைந்தது மாதிரி இருந்தது. அவள் ஏதும் தப்பாகச் சொல்லவில்லை.

வேலை இல்லாத அந்த நேரத்தில் தேன்மொழி பேசுவதைக் கேட்டேன். அப்போது தன் பக்கத்தில் உட்கார்ந்திருந்த பெண்ணிடம் அவள் கண்ணைப் பற்றியே முதலில் கேட்கவில்லை. "காலைல எந்திரிச்சதுலருந்து இன்னா வேல பண்ணீங்க?" என்றாள். அந்தப் பெண் அடுப்பு மூட்டியது, தண்ணீர் எடுத்தது என்று சொல்லிக்கொண்டே வந்து, "சாமைல கல்லு பொறுக்க முடியல. மருமவகிட்ட சொன்னா சலிச்சிக்கிறா" என்று நிறுத்தினாள். தேன்மொழியும் அடுத்த கேள்விக்குப் போகாமல் நிறுத்தினாள். கொஞ்சம் கழித்து அந்தப் பெண்ணே, "வலது கண்ணு எப்பவோ போச்சு. யார்கிட்டயும் சொல்லல" என்றாள். நான் கேட்டிருந்தால் 'இரண்டு கண்ணும் மங்கல், ஆறு மாதம்' என்று எழுதியிருப்பேன்.

மதியம் நான் எண்ண ஆரம்பித்தேன். கண்புரைக்கு அறுவை சிகிச்சை வேண்டும் என்று நான் சொன்ன ஒன்பது பேரில் சம்மதித்தவர்கள் இரண்டு பேர். அவள் சொன்ன ஏழு பேரில் ஆறு பேர். முகாமில் ஒப்புக்கொள்கிறவர்களிடம் அங்கேயே சம்மதப் படிவம் வாங்கி, மறுநாள் வேனில் கள்ளக்குறிச்சிக்குக் கூட்டிப்போவது வழக்கம். அவள் மேசையில் இருந்த ஆறு படிவங்களையும் என் இரண்டையும் பார்த்துக்கொண்டே சாப்பிட்டேன்.

மூன்று மணிக்குக் கோவிந்தன் என் மேசைக்கு வந்தார். அறுபத்தைந்து வயதுக்கு மேல் இருக்கும். இரண்டு கண்ணிலும் முற்றிய புரை. கூட வந்த மகன் எல்லாக் கேள்விக்கும் பதில் சொன்னான். சர்க்கரை இல்லை, பிரஷர் இல்லை, மருந்து எதுவும் சாப்பிடுவதில்லை. கோவிந்தன் ஒரே ஒரு முறை வாயைத் திறந்து, "ராத்திரில எந்திரிச்சி..." என்று ஆரம்பித்தார்.

"ராத்திரி கண்ணு தெரியலையா? சரிங்க" என்று நானே முடித்து, 'இரவில் பார்வை குறைவு' என்று கேஸ் ஷீட்டில் எழுதினேன்.

ஆபரேஷன் என்றதும் மகன், "பண்ணிடலாங்க, கைநாட்டு எங்க வைக்கணும்?" என்றான். படிவத்தை நீட்டினேன். கோவிந்தன் மகன் பக்கம் திரும்பினார். மகன் அவர் கையைப் பிடித்து மையில் தொட்டு, கட்டைவிரலைக் காகிதத்தில் அழுத்தினான். அந்த விரல் தானாகப் போகவில்லை என்பதை நான் பார்த்தேன். பார்த்தும், மூன்றாவது படிவத்தை மற்ற இரண்டின்மேல் வைத்து ஓரங்களைச் சரிசெய்தேன்.

ஞாயிறு காலை ஏழு மணிக்கு வேன் பள்ளிக்கூடத்து வாசலில் நின்றது. ஏறும் முன் தேன்மொழி ஒவ்வொருவரிடமும் மறுபடி பேசினாள். என் நோயாளிகளிடமும். அது எனக்குப் பிடிக்கவில்லை. ஆனால் முகாமுக்குப் பொறுப்பு அவள். கோவிந்தனின் ஷீட்டைப் படித்துவிட்டுக் கேட்டாள்.

"பெரிப்பா, ராத்திரி கண்ணு தெரியலன்னு எழுதியிருக்குதே?"

"நான் எங்க அப்டி சொன்னேன்?"

"பின்ன இன்னா சொன்னீங்க?"

அவர் மகன் பக்கம் திரும்பினார். தேன்மொழி மகனிடம், "தம்பி, பெரிப்பாவோட காப்பீட்டு அட்டை டிரைவர்கிட்ட கீதான்னு பாத்துட்டு வாங்க" என்றாள். அவன் போனதும் கோவிந்தன் குரலைத் தாழ்த்தினார். "எந்திரிச்சி எந்திரிச்சி வெளிய போறேன்னு சொல்ல வந்தேன். அதுக்குள்ள இந்தம்மா எழுதிட்டாங்க."

"ஒண்ணுக்கா?"

"ஆமா. அதுக்குத்தான் மாத்திர துன்னுகினு இருக்கறன். பையனுக்குத் தெரியாது." சட்டைப் பைக்குள்ளிருந்து பிளாஸ்டிக் காகிதத்தில் சுற்றிய மாத்திரை அட்டையை எடுத்துக் காட்டினார்.

அட்டையில் இருந்த பெயரைப் படித்தேன், புராஸ்டேட் வீக்கத்துக்குத் தரும் மாத்திரை. அந்த வகை மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்குக் கண்ணின் பாப்பாவைச் சுற்றியிருக்கும் திரை தளர்ந்திருக்கும். புரை அறுவையின் நடுவே அது துவண்டு குறுக்கே வரும். சர்ஜனுக்கு முன்பே தெரிந்தால் அதற்கேற்பத் தயாராக இருப்பார். தெரியாவிட்டால் கண்ணுக்கே ஆபத்து. இதைப் பரீட்சையில் இரண்டு பக்கம் எழுதியவள் நான்.

தேன்மொழி அட்டையின் பெயரைக் குறித்துக்கொண்டாள். அதோடு விடவில்லை. "நாளைக்கு ஆஸ்பத்திரில இன்னா பண்ணப்போறாங்க? உங்க வாயால ஒரு தபா சொல்லுங்க."

"சொட்டு வுடுவாங்க. சாயங்காலம் பஸ் ஏத்தி வுட்ருவாங்க. பையன் சொன்னான்."

"இல்ல பெரிப்பா. ஆபரேசன். கண்ணுல சின்னதா அறுத்து, உள்ள வெள்ளையாப் போனத எடுத்துட்டு வேற லென்சு வெப்பாங்க."

அவர் துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு எழுந்தார். "அப்போ நான் வரல."

அதற்குள் திரும்பி வந்த மகனுக்குக் கோபம். "இன்னாக்கா இப்டி பண்ணிட்டீங்க? ஆபரேசன்னா வரமாட்டாருன்னுதான் சொல்லல. நான் வேலைய வுட்டுட்டு வந்து நின்னுகினு இருக்கறன்."

"கண்ணு அவருது தம்பி" என்றாள் தேன்மொழி. கேஸ் ஷீட்டில் நான் எழுதிய வரியை ஒரே கோடாக அடித்து, சரியானதை எழுதிக் கையெழுத்திட்டாள். சம்மதப் படிவத்தின் குறுக்கே 'நோயாளி மறுத்துவிட்டார்' என்று எழுதி, அதில் கையெழுத்துப் போட என்னிடம் நீட்டினாள். ஏன் இப்படிச் செய்தாய் என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. திட்டியிருந்தால் நானும் ஏதாவது பேசியிருப்பேன்.

வேன் மலை இறங்கும்போது என் மனதில் ஓடியதை அப்படியே சொல்லிவிடுகிறேன். வெட்கம் இருந்தது. பயமும் இருந்தது. அவற்றுக்கு அடியில் ஒரு சின்ன மகிழ்ச்சியும் இருந்தது. தேன்மொழி பேசியும் ஒருவர் வரவில்லை.

அன்று கள்ளக்குறிச்சியில் லாட்ஜில் தங்கினேன். 900 ரூபாய், வெந்நீர் காலை ஆறிலிருந்து எட்டு வரை மட்டும்.

திங்கட்கிழமை காலை 9.30க்கு மருத்துவமனை நடையில் கோவிந்தன் உட்கார்ந்திருந்தார். முதல் பஸ்ஸில் மலையிலிருந்து இறங்கி, மனைவியைக் கூட்டிக்கொண்டு தானாக வந்திருந்தார். மகன் வரவில்லை. "தேனு எங்க?" என்றார். தேன்மொழி ஒரு பள்ளிக்கூடத்தில் கண் பரிசோதனைக்காகக் காலையிலேயே சங்கராபுரம் போயிருந்தாள், மாலைதான் வருவாள். சர்ஜன் மறுநாள் வெளியூர் போகிறார். இன்று விட்டால் அடுத்த மாதம். நர்ஸ் என்னைக் கை காட்டினாள். அவர் முகம் சுருங்கியதைப் பார்த்தேன்.

அவர் பக்கத்தில் பெஞ்சில் உட்கார்ந்தேன். மன்னிப்பு கேட்பதா, பரிசோதனையைத் தொடங்குவதா என்று தெரியவில்லை. "முந்தாநேத்து நீங்க பேச வந்தப்போ நான் பேச விடல. தப்பு என்னுதுதான்" என்றேன்.

"பரவால்லம்மா. கூட்டம் அப்டி."

அறுவையில் என்ன செய்வார்கள் என்று முதலிலிருந்து சொன்னேன். ஊசி எங்கே போடுவார்கள், எவ்வளவு நேரம், எப்போது கட்டு அவிழ்ப்பார்கள், எத்தனை நாள் தலைக்குக் குளிக்கக் கூடாது. செய்யாவிட்டால் என்ன ஆகும் என்றும், செய்தாலும் சில சமயம் சரிவராமல் போகலாம் என்றும், அவர் சாப்பிடும் மாத்திரையால் அந்தச் சிக்கல் கொஞ்சம் ஜாஸ்தி, ஆனால் டாக்டருக்குச் சொல்லிவிட்டோம் என்றும் சொன்னேன். அவர் மனைவி, "கண்ண வெளிய எடுத்து கழுவி வெப்பாங்களாமே?" என்றார். இல்லை, கண் இருந்த இடத்திலேயேதான் இருக்கும் என்றேன். பிறகு எனக்குச் சொல்ல ஒன்றும் இல்லாமல் போனது. மூன்று பேரும் சும்மா இருந்தோம். எதிரே ஒரு குழந்தை கண்ணாடி போட்டுக்கொள்ளமாட்டேன் என்று அழுதுகொண்டிருந்தது.

"எங்க அண்ணனுக்கு இதே மாரி பண்ணாங்க" என்றார் கோவிந்தன். "ரொம்ப வருசம் ஆச்சு. இன்னா ஏதுன்னு சொல்லல. லாரில ஏத்தினு போனாங்க, கட்டு போட்டு அனுப்பினாங்க. அந்தக் கண்ணு சீழ் புடிச்சிப் போச்சு. அதுக்கப்புறம் அவன் ஒத்தக் கண்ணோட மாடு மேய்ச்சினு இருந்தான். யாரும் வந்து இன்னா ஆச்சுன்னு கேக்கல." மனைவி இருந்த பக்கம் கையைக் காட்டினார். "தேனு ஆபரேசன்னு நேரா சொல்லிடுச்சு. சொல்லிட்டுதான் செய்வாங்கன்னா வரலாம்னு பொண்டாட்டி சொன்னா."

"உங்க அண்ணனைப் பத்தி தேனுகிட்ட சொன்னீங்களா?"

"இல்லியே."

இதை எழுத வெட்கமாக இருக்கிறது. ஒரு மனிதர் தன் அண்ணனின் கண் போன கதையைச் சொல்கிறார். எனக்குள் 'இது தேன்மொழிக்குத் தெரியாது' என்று ஒரு குரல் துள்ளியது. அதை அழுத்திப் பிடித்துக்கொண்டு, "என்ன பண்ணப்போறோம்னு இப்ப நீங்க சொல்லுங்க" என்றேன். சொன்னார். நான் சொன்னதைவிடத் தெளிவாக, தலைக்குக் குளிக்காத நாள் கணக்கு வரை சொன்னார். "எது பிடிக்கலன்னாலும் எப்ப வேணா வேணாம்னு சொல்லலாம்" என்றேன். அவர் மைப்பெட்டியைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டு விரலை வைத்தார்.

அறுவை மதியம் 2.15க்கு. வழக்கத்தைவிட இரண்டு மடங்கு நேரம் ஆனது. நான் வெளியே அவர் மனைவியோடு நின்றேன். சர்ஜன் வெளியே வந்து, "அந்த மாத்திரை விஷயம் தெரியாம இருந்திருந்தா இன்னிக்குக் கஷ்டம். யார் கேட்டுச் சொன்னது?" என்றார். தேன்மொழி என்றேன். அந்த ஒரு வார்த்தையைச் சொல்ல எனக்குக் கொஞ்சம் நேரம் பிடித்தது.

செவ்வாய் காலை எட்டரைக்குக் கட்டு அவிழ்த்தார்கள். தேன்மொழியும் இருந்தாள். கோவிந்தன் கண்ணைக் கொட்டிக் கொட்டிப் பார்த்தார். முதலில் மனைவியை. பிறகு தேன்மொழியை ஏற இறங்கப் பார்த்து, "இம்மாஞ் சின்னப் பொண்ணா நீ?" என்றார். என்னைக் காட்டி, "இந்தம்மா யாரு?" என்றார்.

"நான்தாங்க" என்றேன்.

"அட, நேத்து பேசினு இருந்தது நீயா" என்று என் கையைப் பிடித்துக்கொண்டார். தேன்மொழி எங்கள் இருவரையும் பார்த்தாள். அப்போதுதான் அண்ணன் கதையை அவளுக்குச் சொன்னேன்.

முகாமுக்கு உதவப் போகிறவர்களுக்குச் சில விஷயங்கள். தை, மாசியில் மலையில் காலை ஒன்பது மணி வரை குளிர் கடுமை, ஸ்வெட்டர் வேண்டும். வெள்ளிமலை தாண்டினால் போனில் சிக்னல் வரும், போகும். முகாம் நாளில் மதியச் சாப்பாடு இரண்டு மணிக்கு முன் கிடைக்காது, கையில் பழம் வைத்துக்கொள்ளுங்கள். திரும்பும் பஸ்ஸுக்கு மூன்று நாள் என்று கணக்குப் போட்டு டிக்கெட் எடுக்காதீர்கள். கட்டு அவிழ்க்கும் நாள் வரை இருங்கள். கூட வருகிறவர் பதில் சொன்னால் கேட்டுக்கொள்ளுங்கள், எழுதுவது நோயாளி சொன்ன பிறகு. அவரை ஐந்து நிமிடமாவது தனியாகப் பாருங்கள். மருந்து சாப்பிடுவதுண்டா என்றால் இல்லை என்றுதான் பாதிப் பேர் சொல்வார்கள். பையில் இருக்கும் மாத்திரையைக் காட்டச் சொல்லுங்கள். படிவத்தில் விரல் வைக்கும்போது கையை வேறு யாரும் பிடிக்க விடாதீர்கள். ஒருவர் வேண்டாம் என்று போனால், அதையும் உங்கள் வேலையாக எண்ணிக்கொள்ளுங்கள். இது எனக்கு இன்னும் முழுதாக வரவில்லை.

மதியம் 12.30க்குச் சென்னை பஸ். விக்கிரவாண்டி தாண்டும்போது தேன்மொழியிடமிருந்து செய்தி வந்தது. 'மூணு முகாம்ல பாத்திருக்கேன் அவரை. அண்ணன் கதை எனக்குத் தெரியாது. எப்படிடி கேட்ட?'

திறந்த கேள்விகள், கண்ணைப் பார்த்துப் பேசுவது என்று நான்கு வரி தட்டினேன். படித்துப் பார்த்து அழித்தேன். 'நான் எதுவும் கேட்கலை. சொல்றதுக்கு ஒண்ணும் இல்லாம சும்மா உக்காந்திருந்தேன்' என்று அனுப்பினேன்.

படித்துவிட்டாள் என்று நீலக்குறி வந்தது. பதில் வரவில்லை. அவளுக்கும் கொஞ்சம் பொறாமையாக இருக்கும் என்று நினைத்துக்கொண்டேன். அந்த நினைப்பு கிளாம்பாக்கம் வரை இனித்தது.